கம்பிச்சுருளின் காந்தப்புலத்தைக் கணித்தல்: ஒற்றை வளையத்திலிருந்து திசையறிகருவிச் சோதனை வரை

உயர்தரப் பௌதிகவியலில் மின்னோட்டத்தின் காந்த விளைவைக் கற்ற மாணவரிடம் ஒரு கம்பிச்சுருளைக் கொடுத்து, அதன் நடுவில் காந்தப்புலம் எவ்வளவு என்று கேட்டால், நீண்ட வரிச்சுருளுக்கான (குழாய்போல் வரிவரியாகச் சுற்றிய சுருளுக்கான) சமன்பாடே பெரும்பாலும் முதலில் வந்து விழும். ஒரு மீற்றருக்கான சுற்றுக்களையும் மின்னோட்டத்தையும் மாறிலியையும் பெருக்கினால் விடை கிடைத்துவிடுகிறது. பரீட்சை வினாவில் 'நீண்ட' என்ற சொல் இருப்பதால் அங்கே அது சரியான விடைதான். ஆனால் வீட்டு மேசையில் எஸ்லோன் பைப் (PVC குழாய்) துண்டில் சுற்றி வைத்திருக்கும் சுருள் நீண்டதல்ல. அதற்கு அந்தச் சமன்பாடு பத்து, பன்னிரண்டு சதவீதம் கூடுதலான விடையைத் தரும், குட்டையான சுருளாயின் இரண்டு மூன்று மடங்கு கூடத் தவறிவிடும்.

இந்த வழிகாட்டியில் நான் பின்பற்றும் முறை எளியது. ஒற்றை வட்ட வளையத்தின் புலத்தை முதலில் கணிப்போம். மற்ற எல்லாச் சுருள்களையும் அத்தகைய வளையங்களின் கூட்டாகப் பார்ப்போம். ஒவ்வோர் இடத்திலும், சுருக்கமான சமன்பாடு உண்மையான விடையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை எண்களாகவே காட்டுவேன். கணக்கிடும் கருவி போதும். எக்செல் இருந்தால் வேலை இன்னும் விரைவு.

தேவையான மாறிலியும் அலகுகளும்

1820ஆம் ஆண்டு ஏஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியருகே காந்த ஊசி திரும்புவதை அறிவித்தார். அதே ஆண்டு முடிவதற்குள் பயோவும் சவாரும் கம்பியின் புலம் தூரத்தோடு எவ்வாறு மாறுகிறது என்பதை அளந்து கூறினார்கள். அம்பியர் மின்னோட்டங்களுக்கிடையிலான விசையை ஆராயத் தொடங்கினார். நாம் செய்யப்போகும் கணக்குகள் அனைத்துக்கும் அடிப்படை பயோ–சவார் விதியே: கம்பியின் ஒவ்வொரு சிறு துண்டும் தனித்தனியே ஒரு புலத்தைத் தருகிறது, அவற்றைத் திசையோடு கூட்டினால் மொத்தப் புலம் கிடைக்கிறது.

மாறிலி ஒன்றுதான். வெற்றிடத்தின் உட்புகவிடுமியல்பை (காந்தப்புலத்தைத் தன்னூடே எவ்வளவு செல்லவிடுகிறது என்பதைக் காட்டும் எண்ணை) இங்கு 'மியூ' என்று குறிப்பேன். அதன் பெறுமானம் 4 × பை (π) × 10⁻⁷, அதாவது 1.2566 × 10⁻⁶ (ஒரு மீற்றருக்கு ஹென்றி). 2019இல் அலகுகள் மீள்வரையறுக்கப்பட்ட பின்னர் இது வரையறையால் நிலைநிறுத்தப்பட்ட எண்ணாக இல்லாமல் அளந்து பெறப்படும் எண்ணாகிவிட்டது. ஆனாலும் நமது கணக்குகள் எதையும் அந்த மாற்றம் தொடாது. வளிக்கும் செப்புக்கும் பிளாஸ்ரிக்குக்கும் இதே பெறுமானத்தையே எடுக்கலாம்.

நீளங்களை எப்போதும் மீற்றரில் இடுங்கள். சென்ரிமீற்றரில் இட்டுவிட்டுக் கடைசியில் திருத்தலாம் என்று விட்டால், ஆரை வர்க்கமாகவும் தூரம் கனமாகவும் வரும் இடங்களில் அது குழப்பத்தில்தான் முடியும். விடை தெஸ்லாவில் வரும். நமது சுருள்களுக்குத் தெஸ்லா மிகப் பெரிய அலகாகையால் மில்லிதெஸ்லாவிலும் மைக்ரோதெஸ்லாவிலும் பேசுவோம். பழைய கருவிகளில் காணப்படும் கௌஸ் அலகில் 10,000 சேர்ந்தது 1 தெஸ்லா. ஆகவே 1 கௌஸ் என்பது 100 மைக்ரோதெஸ்லா.

யாழ்ப்பாணத்தின் சாதகம்

சுருள் எதுவும் இல்லாத இடத்திலும் புலம் பூச்சியம் அல்ல. புவியின் புலம் அங்கே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அது ஏறத்தாழ 40 மைக்ரோதெஸ்லா. காந்த மத்திய கோடு தமிழ்நாட்டின் தென்முனையையும் இலங்கையையும் அண்டிச் செல்வதால், இங்கு புவியின் புலம் நிலத்துக்குச் சில பாகை மட்டுமே சாய்ந்து, ஏறக்குறையக் கிடையாகவே இருக்கிறது. (புவிக்காந்தத்தை ஆராயும் இந்திய ஆய்வுக்கூடமொன்று திருநெல்வேலியில் இயங்குவதற்கும் இந்தக் கோட்டின் அண்மையே காரணம். அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலி அல்ல, கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் இருப்பது.) இலண்டனில் இந்தச் சாய்வு 60 பாகைக்கும் மேல், அங்கே திசையறிகருவி உணர்வது மொத்தப் புலத்தின் பாதிக்கும் குறைவான கிடைக்கூறை மட்டுமே. இங்கோ கிட்டத்தட்ட முழுப் புலமும் கிடைக்கூறாகவே நிற்கிறது. ஆகவே சில நூறு ரூபாய்த் திசையறிகருவியே, சுருளின் புலத்தை ஒப்பிட்டு அளக்க ஒரு நல்ல அளவுகோலாக நமக்குக் கிடைத்துவிடுகிறது. கடைசிப் படியில் அதைப் பயன்படுத்துவோம்.

முதற்படி: சுருளை அளத்தல்

நான்கு எண்கள் வேண்டும்: சுற்றுக்களின் எண்ணிக்கை, சராசரி ஆரை, சுருளின் நீளம், மின்னோட்டம். இவற்றில் அதிகம் பிழைபடுவது ஆரை. கம்பியின் மையம் ஓடும் வட்டத்தின் ஆரையே வேண்டும், குழாயின் ஆரை அல்ல. ஒரே அடுக்காகச் சுற்றியிருந்தால் குழாயின் வெளியாரையோடு கம்பியின் அரைத் தடிப்பைக் கூட்டுங்கள்.

வழிகாட்டி முழுவதும் ஒரே சுருளைக் கொண்டு போவோம். வெளிவிட்டம் 50 மில்லிமீற்றர் கொண்ட எஸ்லோன் பைப்பில், மோட்டர் வைண்டிங் செய்பவர்களிடம் நிறைக்கு வாங்கக்கூடிய 24ஆம் கேஜ் (SWG) எனாமல் கம்பியை இடைவெளியின்றி ஒரே அடுக்காக 10 சென்ரிமீற்றர் நீளத்துக்குச் சுற்றுகிறோம். அந்தக் கேஜ் கம்பியின் செப்பு மட்டும் 0.559 மில்லிமீற்றர் விட்டம் கொண்டது. எனாமலோடு சேர்த்து 0.62 மில்லிமீற்றரை அண்டி வருவதால் ஏறத்தாழ 160 சுற்றுக்கள் கொள்ளும். சராசரி ஆரை 25.3 மில்லிமீற்றர். மின்னோட்டம் 1 அம்பியர்.

மின்னோட்டத்தைப் பற்றி ஒரு சொல். அதை அம்பியர்மானியால் அளக்க வேண்டும். வோல்ற்றளவைத் தடையால் வகுத்துப் பெறக்கூடாது. நமது சுருளில் 25.4 மீற்றர் கம்பி இருக்கிறது, 20 பாகை செல்சியஸில் அதன் தடை 1.74 ஓம். நமது பகல் வெப்பநிலை 32 பாகையாக இருந்தால் தொடக்கத்திலேயே தடை 5 சதவீதம் கூடியிருக்கும். சுருள் சூடேறி மேலும் 50 பாகை உயர்ந்தால் இன்னொரு 20 சதவீதம் கூடும், அதே வோல்ற்றளவில் மின்னோட்டமும் புலமும் அதற்கேற்ப இறங்கிவிடும். 1 அம்பியரில் வெப்பம் ஏறத்தாழ 1.7 உவாற்றே என்பதால் கவலையில்லை. 3 அம்பியரில் அது 9 மடங்காகிவிடும்.

இரண்டாம் படி: ஒற்றை வளையத்தின் அச்சில்

வளையத்தின் நடுவிலிருந்து அச்சு வழியே ஒரு தூரத்தில் நிற்கும் புள்ளியை எடுங்கள். வளையத்தின் ஒவ்வொரு துண்டும் அப்புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறது. எதிரெதிர்த் துண்டுகளின் பக்கவாட்டுக் கூறுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, அச்சுவழிக் கூறுகள் மட்டும் கூடுகின்றன. கூட்டினால் கிடைப்பது:

புலம் = மியூ × சுற்றுக்கள் × மின்னோட்டம் × ஆரை² ÷ [2 × (ஆரை² + தூரம்²)^1.5]

திசையை வலக்கைப் பிடி விதியால் பெறலாம்: விரல்கள் மின்னோட்டம் சுழலும் பக்கம் வளைந்திருக்க, பெருவிரல் காட்டும் திசையே அச்சில் புலத்தின் திசை. நடுப்புள்ளியில் தூரம் பூச்சியமாகையால் சமன்பாடு சுருங்குகிறது:

நடுவில் புலம் = மியூ × சுற்றுக்கள் × மின்னோட்டம் ÷ (2 × ஆரை)

எடுத்துக்காட்டாக, 10 சென்ரிமீற்றர் ஆரையுள்ள 20 சுற்று வளையத்தில் 0.318 அம்பியர் பாய்ந்தால் நடுவில் 40 மைக்ரோதெஸ்லா வரும். யாழ்ப்பாணத்தில் அந்த வளையத்தின் தளத்தை வடக்குத் தெற்காக நிறுத்தி நடுவில் திசையறிகருவியை வைத்தால் ஊசி 45 பாகை திரும்ப வேண்டும். ஊசி திரும்பும் கோணத்தின் தான்சனைக் (tan) கொண்டு மின்னோட்டத்தை அளக்கும் தான்சன் கல்வனோமானியின் தத்துவம் இதுவே.

புலம் எவ்வளவு விரைவாக விழுகிறது என்பதைக் கவனியுங்கள். அச்சில் ஓர் ஆரைத் தூரம் போனால் நடுப்பெறுமானத்தின் 35 சதவீதம் எஞ்சுகிறது, இரண்டு ஆரையில் 9 சதவீதம், மூன்று ஆரையில் 3 சதவீதம்.

மூன்றாம் படி: ஒற்றையடுக்கு வரிச்சுருள்

160 வளையங்களை வரிசையாக அடுக்கி, அச்சிலுள்ள ஒரு புள்ளியில் ஒவ்வொன்றின் புலத்தையும் மேலுள்ள சமன்பாட்டால் கூட்டலாம். எக்செலில் 160 வரிகளை நிரப்பினால் முடிந்தது. தொகையீட்டால் அதை ஒரே கோவையாக்கவும் முடியும். சுருளின் இரு முனைகளையும் அந்தப் புள்ளியிலிருந்து அச்சுவழியே அளந்து, ஒவ்வொரு முனைக்கும் ஒரு பின்னம் காணுங்கள்:

முனைப்பின்னம் = முனைக்கான தூரம் ÷ √(முனைக்கான தூரம்² + ஆரை²)

புலம் = ½ × மியூ × (ஒரு மீற்றருக்கான சுற்றுக்கள்) × மின்னோட்டம் × (இரு முனைப்பின்னங்களின் கூட்டுத்தொகை)

புள்ளி சுருளுக்குள் இருந்தால் பின்னங்களைக் கூட்ட வேண்டும். வெளியே இருந்தால் தூர முனையின் பின்னத்திலிருந்து கிட்டிய முனையின் பின்னத்தைக் கழிக்க வேண்டும். உள்ளே, வெளியே, முனையில், அச்சின் எந்தப் புள்ளிக்கும் இந்த ஒரே கோவை பொருந்தும். பாடநூலில் தனித்தனியே வரும் 'நீண்ட வரிச்சுருள்', 'வரிச்சுருளின் முனை' என்ற இரண்டும் இதற்குள் அடங்கிவிடுகின்றன. எனது கருத்தில் மாணவர் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான்.

நமது சுருளில் ஒரு மீற்றருக்கு 1600 சுற்றுக்கள். முன்னால் நிற்கும் காரணி, அதாவது ½ × மியூ × 1600 × 1, 1005 மைக்ரோதெஸ்லா. இனி ஒவ்வோர் இடமாகப் பார்ப்போம்.

நடுவில் இரு முனைகளும் 5 சென்ரிமீற்றரில் இருக்கின்றன. ஒவ்வொரு பின்னமும் 0.892, கூட்டுத்தொகை 1.784, புலம் 1794 மைக்ரோதெஸ்லா. நீண்ட வரிச்சுருளின் சமன்பாடு தருவதோ 2011 மைக்ரோதெஸ்லா; 12 சதவீதம் கூடுதல். நீளம் விட்டத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக உள்ள சுருளுக்கே இந்த நிலை. ஒரு சதவீதத் துல்லியம் போதுமென்றால் நீளம் விட்டத்தின் ஏழு மடங்குக்குக் குறையாத சுருளுக்கு மட்டும் நீண்ட வரிச்சுருளின் சமன்பாட்டைப் பயன்படுத்துங்கள்.

முனையின் மட்டத்தில் ஒரு தூரம் பூச்சியம், மற்றையது 10 சென்ரிமீற்றர். பின்னம் 0.9695, புலம் 975 மைக்ரோதெஸ்லா. முனையில் நடுவின் பாதி என்று சொல்வார்கள். இங்கே அது 54 சதவீதம்.

முனைக்கு வெளியே 10 சென்ரிமீற்றரில் தூர முனை 20 சென்ரிமீற்றரிலும் கிட்டிய முனை 10 சென்ரிமீற்றரிலும் இருக்கின்றன. பின்னங்கள் 0.99209, 0.96945, வித்தியாசம் 0.02264, புலம் 22.8 மைக்ரோதெஸ்லா. இந்தக் கழித்தலில் ஏறக்குறையச் சமமான இரு எண்கள் வருவதால் பின்னங்களை ஐந்து தசம தானங்களுக்காவது வைத்திருங்கள். மூன்று தானங்களுக்கு மட்டந்தட்டினால் விடை 23.1 ஆகிவிடும், இன்னும் தூரம் போனால் பிழை விடையையே விழுங்கிவிடும்.

சுருளுக்கு நடுவில் மட்டும் புலம் வேண்டுமென்றால் இன்னும் குறுக்குவழி உண்டு:

நடுவில் புலம் = மியூ × சுற்றுக்கள் × மின்னோட்டம் ÷ √(நீளம்² + விட்டம்²)

நீளம் பூச்சியத்தை நெருங்கும்போது இது ஒற்றை வளையமாகிறது, நீளம் விட்டத்தை மிஞ்சும்போது நீண்ட வரிச்சுருளாகிறது.

நான்காம் படி: பல அடுக்குச் சுருள்

ரிலேயிலும் பழைய அழைப்புமணியிலும் இருப்பவை பல அடுக்காகச் சுற்றிய தடித்த சுருள்கள். இவற்றுக்கு மடக்கையோடு கூடிய சரியான கோவை இருக்கிறது. நீளத்தின் பாதியை 'அரைநீளம்' என்று கொண்டால்:

நடுவில் புலம் = {மியூ × சுற்றுக்கள் × மின்னோட்டம் ÷ [2 × (வெளியாரை − உள்ளாரை)]} × இயற்கை மடக்கை {[வெளியாரை + √(வெளியாரை² + அரைநீளம்²)] ÷ [உள்ளாரை + √(உள்ளாரை² + அரைநீளம்²)]}

பலரும் இதைத் தவிர்த்து, உள், வெளி ஆரைகளின் சராசரியை எடுத்து மேலுள்ள குறுக்குவழியில் இடுவார்கள். அது எவ்வளவு தவறு? உள்ளாரை 1, வெளியாரை 2, நீளம் 3 சென்ரிமீற்றர், 600 சுற்றுக்கள், 0.5 அம்பியர் என எடுப்போம். சரியான கோவை 8.92 மில்லிதெஸ்லா தருகிறது. சராசரி ஆரையோ 8.89. அரை சதவீதம்கூட விலகவில்லை. ஆனால் உள்ளாரை 0.5, வெளியாரை 2.5, நீளம் 1 சென்ரிமீற்றர் என்று தட்டையான சுருளை எடுத்தால் சராசரி ஆரை 12 சதவீதம் குறைத்துக் காட்டும். நீளமான சுருளுக்குச் சராசரி போதும், தட்டையான சுருளுக்கு மடக்கையைத் தவிர்க்க முடியாது.

ஐந்தாம் படி: தொலைவில்

சுருளின் பருமனைவிடப் பல மடங்கு தொலைவில் அதன் உருவம் மறைந்து, காந்தத் திருப்பம் மட்டுமே எஞ்சுகிறது. அது சுற்றுக்கள் × மின்னோட்டம் × வளையத்தின் பரப்பளவு. நமது சுருளுக்கு 0.322 அம்பியர் சதுர மீற்றர்.

அச்சில் புலம் = மியூ × காந்தத் திருப்பம் ÷ (2 × பை × தூரம்³)

பக்கவாட்டில் புலம் இதன் பாதி; திசை எதிர்த்திசை. இங்கு தூரத்தைச் சுருளின் நடுவிலிருந்து அளக்க வேண்டும், முனையிலிருந்து அல்ல. நடுவிலிருந்து 15 சென்ரிமீற்றரில் இது 19.1 மைக்ரோதெஸ்லா தருகிறது. அதே புள்ளிக்கு மூன்றாம் படியில் 22.8 பெற்றோம், 16 சதவீதக் குறைவு. 30 சென்ரிமீற்றரில் 2.38 தருகிறது, சரியான விடை 2.49, விலகல் 4 சதவீதம். சுருளின் நீளத்தைப் போல் மூன்று மடங்குக்கு அப்பால் மட்டும் இதை நம்பலாம்.

ஆறாம் படி: அச்சை விட்டு விலகினால்

வகுப்பறையில் தொடாமல் விடும் பகுதி இது. அச்சுக்கு வெளியே வளையத்தின் புலத்தைச் சாதாரணத் தொகையீட்டால் பெற முடியாது, நீள்வளையத் தொகையீடுகள் வருகின்றன. பெயரைக் கேட்டு ஒதுங்க வேண்டியதில்லை. கூட்டல் சராசரியையும் பெருக்கல் சராசரியையும் மாறி மாறி எடுக்கும் ஒரு பழைய முறை மூன்று நான்கு வரிகளில் விடையைத் தந்துவிடுகிறது.

புள்ளியிலிருந்து வளையத்துக்கு இரண்டு தூரங்களை அளங்கள்: வளையத்தின் மிக அருகிலுள்ள இடத்துக்கான கிட்டிய தூரமும், மிக எட்டத்திலுள்ள இடத்துக்கான எட்டிய தூரமும். 10 சென்ரிமீற்றர் ஆரையுள்ள வளையத்தின் தளத்திலேயே, நடுவிலிருந்து 5 சென்ரிமீற்றர் விலகிய புள்ளியை எடுப்போம். ஆரையை 1 எனக் கொண்டால் எட்டிய தூரம் 1.5, கிட்டிய தூரம் 0.5.

இவ்விரு எண்களின் கூட்டல் சராசரி 1.0, பெருக்கல் சராசரி, அதாவது பெருக்கத்தின் வர்க்கமூலம், 0.8660. இந்தப் புதிய இரண்டுக்கும் மீண்டும் அதையே செய்தால் 0.9330, 0.9306. இன்னொரு முறை செய்தால் இரண்டும் 0.9318இல் சந்திக்கின்றன. அந்தப் பொது எண்ணால் பையின் பாதியை வகுத்தால் 1.686, இது முதற்காரணி.

அடுத்து ஒரு பின்னம் வேண்டும். எட்டிய தூர வர்க்கத்திலிருந்து கிட்டிய தூர வர்க்கத்தைக் கழித்து அதன் பாதியை எடுங்கள்: 1.0. முதல் வரியிலிருந்த இரு எண்களின் வித்தியாசத்தின் பாதியை வர்க்கித்துச் சேருங்கள்: 0.25. இரண்டாம் வரியில் அதே கணியத்தின் இரு மடங்கைச் சேருங்கள்: 0.0090. அடுத்த வரியில் நான்கு மடங்கு வரும், ஆனால் அது கணக்கில் எடுக்கத் தேவையற்ற சிறுமை. மொத்தம் 1.2590. இதை எட்டிய தூர வர்க்கமாகிய 2.25ஆல் வகுத்து 1இலிருந்து கழித்தால் 0.4404 கிடைக்கும்.

அச்சுவழிக் கூறு = (மியூ × சுற்றுக்கள் × மின்னோட்டம் ÷ 2பை) × முதற்காரணி × [1 + பின்னம் × (ஆரை² − விலகல்² − உயரம்²) ÷ கிட்டிய தூரம்²]

இங்கு விலகல் என்பது அச்சிலிருந்தான தூரம், உயரம் என்பது வளையத் தளத்திலிருந்தான தூரம். நமது புள்ளியில் அடைப்புக்குள் 1 + 0.4404 × 3 = 2.321. முழுவதையும் பெருக்கி நடுப்புலத்தோடு ஒப்பிட்டால் விகிதம் 1.246. நடுவிலிருந்து கம்பியை நோக்கிப் பாதி வழி வந்ததும் புலம் 25 சதவீதம் கூடிவிடுகிறது. முன்னர் கண்ட 20 சுற்று வளையத்தில் நடுவில் 40 என்றால் இங்கே 49.8 மைக்ரோதெஸ்லா. தான்சன் கல்வனோமானியில் ஊசி ஏன் அத்தனை சிறிதாக இருக்கிறது என்பதற்கு விடை இதுவே: நீண்ட ஊசியின் முனைகள் நடுப்புலத்தை உணர்வதில்லை.

வளையத் தளத்துக்கு வெளியே ஆரைவழிக் கூறும் உண்டு:

ஆரைவழிக் கூறு = (மியூ × சுற்றுக்கள் × மின்னோட்டம் ÷ 2பை) × (உயரம் ÷ விலகல்) × முதற்காரணி × [பின்னம் × (ஆரை² + விலகல்² + உயரம்²) ÷ கிட்டிய தூரம்² − 1]

வரிச்சுருளுக்கு இவ்விரு கூறுகளையும் ஒவ்வொரு வளையத்துக்கும் கணித்துக் கூட்டினால் சுருளின் உள்ளும் புறமும் எந்தப் புள்ளியிலும் புலம் கிடைக்கும். கம்பியின் மேலேயே நிற்கும் புள்ளிக்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். கிட்டிய தூரம் பூச்சியமாகி விடை எல்லையின்றிப் போகும்.

வேறு வடிவங்கள்

ஒரே அச்சில், ஆரைக்குச் சமமான இடைவெளியில், ஒரே திசையில் மின்னோட்டம் பாயும் இரண்டு வளையங்களை வைத்தால் நடுவில் மிகச் சீரான புலம் கிடைக்கிறது. இது எல்ம்ஹோல்ட்ஸ் சோடி. நடுவில் புலம் = 0.7155 × மியூ × ஒரு வளையத்தின் சுற்றுக்கள் × மின்னோட்டம் ÷ ஆரை. யாழ்ப்பாணத்தின் 40 மைக்ரோதெஸ்லாவை அழிக்க, 10 சென்ரிமீற்றர் ஆரையும் தலா 20 சுற்றுக்களும் கொண்ட சோடிக்கு 0.222 அம்பியரே போதும். புவிப்புலம் இங்கு கிடையாக இருப்பதால் கிடை அச்சுள்ள ஒரே சோடியால் ஏறத்தாழ முழுவதையும் அழித்துவிடலாம்; சாய்வு கூடிய நாடுகளில் நிலைக்குத்துக்கு இன்னொரு சோடி வேண்டியிருக்கும்.

மோதிர வடிவச் சுருளுக்கு அம்பியரின் விதியே போதும்: உள்ளே புலம் = மியூ × சுற்றுக்கள் × மின்னோட்டம் ÷ (2 × பை × மோதிரத்தின் மையத்திலிருந்து தூரம்); வெளியே ஏறத்தாழப் பூச்சியம். பலகைச் சட்டத்தில் சுற்றிய சதுரச் சுருளின் நடுவில் புலம் = 0.900 × மியூ × சுற்றுக்கள் × மின்னோட்டம் ÷ பக்கம். இவற்றில் அடங்காத வடிவமெனின், கம்பியைச் சிறு நேர்த்துண்டுகளாக வெட்டி எக்செலில் கூட்டுவதைத் தவிர வேறு வழி தேடாதீர்கள். துண்டின் நீளம், அது புள்ளியிலிருந்து இருக்கும் தூரத்தின் பத்திலொன்றுக்குக் குறைவாக இருந்தால் நல்ல விடை வரும்.

இரும்பு உள்ளே வந்தால்

மேலே சொன்ன எதையும் இரும்பு அகணிக்கு (சுருளின் உள்ளே வைக்கும் இரும்புக்கு) நேரடியாகப் பயன்படுத்த முடியாது. இரும்பின் சார் உட்புகவிடுமியல்பு 2000 என்று அட்டவணையில் இருந்தால், சுருளுக்குள் ஆணியை நுழைத்ததும் புலம் 2000 மடங்காகும் என்று எழுதப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். திறந்த கோலின் முனைகளில் தோன்றும் முனைவுகள் உட்புலத்தை எதிர்ப்பதால், நடைமுறையில் பெருக்கத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கோலின் நீளத்துக்கும் விட்டத்துக்குமான விகிதமே. இரும்பின் தரம் அவ்வளவு பங்கு வகிப்பதில்லை.

மூடிய இரும்புப் பாதையில் சிறு வளி இடைவெளி இருந்தால் கணக்கு தெளிவானது:

இடைவெளியில் புலம் = மியூ × சுற்றுக்கள் × மின்னோட்டம் ÷ (இடைவெளி + இரும்பின் நீளம் ÷ 2000)

160 சுற்று, 1 அம்பியர், 20 சென்ரிமீற்றர் இரும்பு, 1 மில்லிமீற்றர் இடைவெளி எனின் விடை 0.183 தெஸ்லா. 20 சென்ரிமீற்றர் இரும்பு 0.1 மில்லிமீற்றர் வளிக்கு மட்டுமே சமமாகிறது. தண்ணீர் இறைக்கும் மோட்டரை மீளச் சுற்றுபவர்கள் சுற்றுக்களையும் கேஜையும் பழையபடியே வைத்திருந்தாலும், சுழலியைத் தாங்கும் பெயாரிங் தேய்ந்து சுழலி ஒரு பக்கம் இறங்கினால் மோட்டர் இரைவதற்குக் காரணம் இந்த இடைவெளியின் ஆதிக்கமே. கணித்த புலம் 1.5 தெஸ்லாவைத் தாண்டினால் சமன்பாட்டை நம்பாதீர்கள். சாதாரண இரும்பு அங்கே நிரம்பத் தொடங்கிவிடும்.

ஆடலோட்டமாயின் (AC) மானி காட்டுவது வர்க்க இடைமூலப் (rms) பெறுமானம். புலத்தின் உச்சம் அதைவிட 1.414 மடங்கு கூடியது.

இறுதிப் படி: திசையறிகருவியால் சரிபார்த்தல்

நமது வரிச்சுருளை மர மேசையில் கிழக்கு மேற்காக அச்சு அமையும்படி கிடத்துங்கள். இரும்புச் சட்டமுள்ள மேசையும் கம்பி போட்ட கொங்கிறீற்றுத் தளமும் ஆகாது. திசையறிகருவியை முனையிலிருந்து 10 சென்ரிமீற்றரில், அதன் ஊசி சுருளின் அச்சு மட்டத்தில் இருக்குமாறு ஒரு மரத்துண்டின்மேல் வையுங்கள். கருவி மேசையிலேயே கிடந்தால் ஊசி அச்சுக்குக் கீழே நிற்கும். கணித்த புள்ளி அதுவல்ல.

மின்னோட்டம் இல்லாதபோது ஊசி சுருளுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். 1 அம்பியர் பாயவிட்டால், திரும்பிய கோணத்தின் தான்சன் = சுருளின் புலம் ÷ புவியின் கிடைப்புலம் = 22.8 ÷ 40 = 0.57. ஆகவே ஏறத்தாழ 30 பாகை. மின்னோட்டத்தின் திசையை மாற்றி மறுபக்கத் திரும்பலையும் குறித்து இரண்டின் சராசரியை எடுங்கள். சுருள் சற்றுக் கோணியிருந்தால் வரும் பிழையின் பெரும்பகுதி அதில் நீங்கிவிடும். ஊசி 45 பாகையை அண்டி நிற்கும்போது கோணத்தை வாசிப்பதில் வரும் பிழை விடையை மிகக் குறைவாகப் பாதிக்கிறது. அதற்குத் தூரத்தைக் குறைக்கலாம், அல்லது மின்னோட்டத்தை 1.76 அம்பியராக உயர்த்தலாம்.

கைத்தொலைபேசியின் காந்த உணரியாலும் அளக்கலாம், ஆனால் சுருளுக்கு வெளியே மட்டும். உணரி தொலைபேசியின் எந்த மூலையில் இருக்கிறது என்பதை ஒரு குண்டூசியை மெல்ல நகர்த்திக் கண்டுபிடித்த பின்னரே தூரத்தை அளங்கள்.

கணித்த விடையும் அளந்த விடையும் பொருந்தாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது தூரம். 10 சென்ரிமீற்றரில் அரைச் சென்ரிமீற்றர் தவறினாலே புலம் பத்துச் சதவீதத்துக்கு மேல் மாறிவிடும். அடுத்தது, மின்கலவடுக்கிலிருந்து சுருளுக்கு வரும் இரண்டு வயர்களும். ஒரு தனி வயர் 1 அம்பியரோடு 10 சென்ரிமீற்றர் தள்ளி ஓடினாலே 2 மைக்ரோதெஸ்லா தரும். ஆகவே இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுவாருங்கள். ஒற்றையடுக்குச் சுருளில் கம்பி ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறுவதால், சுருள் முழுவதும் ஒரு நேர்க்கம்பி போலவும் செயற்பட்டுப் பக்கவாட்டில் இதே போன்ற ஒரு புலத்தைத் தருகிறது. திரும்பும் முனையைக் குழாயின் உள்ளே அச்சு வழியாகக் கொண்டுவந்து நுழைந்த முனையிலேயே வெளியே எடுத்தால் அது நீங்கிவிடும். இவை மூன்றும் சரியாக இருந்தும் விடை பல மடங்கு விலகி வந்தால், விட்டத்தை ஆரையின் இடத்தில் இட்டிருக்கிறீர்களா என்று தாளைத் திருப்பிப் பாருங்கள்.